இஞ்சி சோடாவுக்கு வீட்டில் கேஸ் பூட்டியது

சுங்கை சிப்புட் வெயிலுக்கு இஞ்சி சோடாவை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் உறுதியான கட்சி. பெந்தோங் இஞ்சியைத் தட்டிப் போட்டு, கூலா மெலாக்கா வெல்லத்தோடு கொதிக்கவைத்து, ஆறியதும் லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்து, கடையில் வாங்கிய சோடாவைக் கலந்து குடிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் பாதிக்குப் பாதி சோடா சேர்ந்தால் இஞ்சியின் காரம் செத்துப்போகிறது. காரமும் இருக்க வேண்டும், சுருசுருவென்று குமிழும் ஏற வேண்டும் என்றால் பானத்துக்குள்ளேயே கேஸை, அதாவது கரியமில வாயுவை, கரைக்க வேண்டும். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கும் கெக் (அழுத்தம் தாங்கும் பீப்பாய்) ஏற்பாடு இதற்கு அப்படியே பொருந்தும்.

சொல்லப்போனால் 19 லிட்டர் பிடிக்கும் அந்த எவர்சில்வர் கெக் பீருக்காகப் பிறந்ததே இல்லை. குளிர்பானக் கம்பெனிகள் சிரப் நிரப்பிக் கடைகளுக்கு அனுப்பிய பாத்திரம் அது. பெப்சிக்காரர்கள் பால் லாக் (ball lock) என்ற மூடி முனையையும், கோக் காரர்கள் பின் லாக்கையும் (pin lock) பயன்படுத்தினார்கள். அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து சிரப் அனுப்பும் முறை வந்ததும் பழைய கெக்குகள் மலிவாக வெளியே வந்தன, பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள். நான் வாங்கியது பால் லாக். கேஸ் போகும் முனையின் அடியில் சிறு வெட்டுக்குறி இருக்கும், உள்ளே குட்டைக் குழாய். பானம் வெளியேறும் முனைக்கு அடி வரை இறங்கும் நீளக் குழாய். மாட்டும் கொக்கிகளில் சாம்பல் நிறம் கேஸுக்கு, கறுப்பு பானத்துக்கு.

கேஸ் தோங், அதாவது சிலிண்டர்தான் அதிகம் அலையவைத்தது. மீன் தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் கடையில் சின்ன அலுமினியத் தோங் கிடைக்கிறது. நான் எடுத்தது இரண்டேகால் கிலோ கொள்ளும் தோங். நிரப்ப ஈப்போவுக்குப் போக வேண்டும், அரை மணி நேர ஓட்டம்தான். உணவுத் தரக் கேஸ் வேண்டும் என்று கேட்டுத்தான் நிரப்பினேன், வெல்டிங்குக்குப் போடுவது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தோங்கின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரை வாங்கும் முன் தோங்கின் வால்வைப் படம் எடுத்து அனுப்பி, திருகு மறை பொருந்துமா என்று உறுதி செய்துகொண்டேன். அமெரிக்க மறை வேறு, ஐரோப்பிய மறை வேறு. இணையத்தில் ஒன்றைப் பார்த்தவுடன் வாங்கினால் உட்காராது.

நம் ஊர் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ரெகுலேட்டரில் இரண்டு மீட்டர் உண்டு. ஒன்று கெக்குக்குப் போகும் அழுத்தம், இன்னொன்று தோங்குக்குள் இருக்கும் அழுத்தம். இரண்டாவதைப் பார்த்து கேஸ் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட முடியாது. தோங்குக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது, மேலே ஆவி. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை அந்த ஆவியின் அழுத்தத்தை வெப்பம்தான் தீர்மானிக்கும். விடியற்காலை 25 டிகிரியில் 64 பார் (அழுத்த அளவு) காட்டும். மத்தியானம் 30 டிகிரியில் 72 பார். அதே தோங்கை 4 டிகிரிக் குளிரில் வைத்தால் 39க்கு இறங்கிவிடும். கேஸ் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, முள் மட்டும் ஆடுகிறது. 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயுவுக்குத் திரவம் என்ற நிலையே கிடையாது. அதற்குமேல் நிறைந்த தோங்கில் அழுத்தம் வேகமாக ஏறும். அதனால் நிரப்பிய தோங்கைக் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு வெயிலில் சாப்பிடப் போகாதீர்கள். நேராக வீட்டுக்கு வாருங்கள்.

மிச்சத்தைத் தெரிந்துகொள்ளத் தராசு ஒன்றுதான் வழி. காலித் தோங்கின் எடை அதன் தோளில் அடித்திருக்கும். இப்போதைய எடையிலிருந்து அதைக் கழித்தால் கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும், ரெகுலேட்டர் மாட்டியிருந்தால் அதன் எடையையும் கழிக்க வேண்டும். ஒரு கெக் சோடாவுக்குக் கரைய ஏறக்குறைய 150 கிராம், பானத்தை வெளியே தள்ள இன்னொரு 100 கிராம், ஆக கால் கிலோ. கசிவு இல்லாவிட்டால் ஒரு நிரப்புக்கு எட்டொன்பது கெக் தாங்கும்.

கசிவு இல்லாவிட்டால் என்றேன் அல்லவா, அதற்குப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். அழுத்தம் என்று சொன்னால் போதும், மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"மொதல்ல அந்தத் திருகைத் தளர்த்திடு தம்பி. அப்புறம் தோங்கு வால்வை மெதுவா தொற. மீட்டருக்கு நேரா மூஞ்சிய வைக்காதே."

சரி மாமா என்று ஒதுங்கி நின்று, ரெகுலேட்டரின் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டு வால்வைத் திறந்தேன். பெரிய முள் எழுந்து நின்றது. பிறகு திருகை மெல்ல உள்ளே திருப்பி 30 பிஎஸ்ஐக்கு (ஏறக்குறைய 2 பார்) கொண்டுவந்தேன். காலிக் கெக்கில்தான் சோதனை. தட்டு கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷால் தடவினோம். ரெகுலேட்டர் நட்டு சுத்தம். ஹோஸ் இணைப்பும் சுத்தம். கெக்கின் கேஸ் முனையில் மட்டும் ஒரு பொட்டு நுரை. மாமா டார்ச் அடித்தார். நுரை கடுகளவு எழுந்து, பக்கத்தில் இன்னொன்று எழுந்து, இரண்டும் ஒட்டிக்கொண்டு வளர்ந்தன. காதுக்குச் சத்தமே இல்லை. முனையைக் கழற்றினால் ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு. புது வளையம் போட்டு, உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ் தடவியதும் நின்றது. அதோடு மாமா விடவில்லை. தோங்கு வால்வை மூடச் சொல்லி, இரண்டு மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் காலை படத்தோடு ஒப்பிட்டோம், முள் அசையவில்லை. கசிகிற தோங் இரண்டே இரவில்கூடக் காலியாகிவிடலாம் என்பதால் இந்தச் சோதனைக்கு ஒரு ராத்திரி கொடுப்பது வீண் இல்லை.

பாதுகாப்பு பற்றியும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும், வாசனை கிடையாது. பத்தடிக்குப் பத்தடி அறையைப் பூட்டிவைத்து இரண்டேகால் கிலோவும் வெளியேறினால், அறைக் காற்றில் ஐந்து சதவீதம் வரை அதுவாகிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்குப் பொதுவாக வைக்கும் வரம்பு 0.5. ஆகவே என் தோங் பின்கட்டில், கம்பிவலை போட்ட பக்கம், சுவரில் சங்கிலியால் கட்டி நேராக நிற்கிறது. படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

குளிருக்கு ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி, மேலே மூடி திறக்கும் வகை. அதன் சுவரில் ஓட்டை போடவே கூடாது, குளிர் வாயு ஓடும் குழாய் எங்கே போகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மெரந்திப் பலகையில் ஒரு சட்டம் அடித்து உட்காரவைத்தேன். ஹோஸ் துளை எல்லாம் அந்தப் பலகையில்தான். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை 4 டிகிரியில் நிறுத்தினேன். நம் ஊர் ஈரத்துக்குப் பெட்டிக்குள் தண்ணீர் கோத்து பூசணம் பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று கட்டாயம்.

ஏன் இவ்வளவு குளிர்? 30 பிஎஸ்ஐயில் 4 டிகிரித் தண்ணீர் தன் அளவைப்போல நாலு மடங்கு கேஸைப் பிடித்துக்கொள்கிறது. அதே அழுத்தத்தில் 30 டிகிரித் தண்ணீர் இரண்டு மடங்குதான் பிடிக்கும். கடைச் சோடாவின் கடுப்பு வர நாலு மடங்கு வேண்டும். இதனால் பானத்தை முதல் ராத்திரி வெறுமனே குளிரவிட்டு, மறுநாள்தான் கேஸ் கொடுத்தேன். கொடுத்ததும் மூடியின் வளையத்தை இழுத்து உள்ளே இருந்த காற்றை நாலைந்து முறை வெளியேற்றினேன், காற்று மிஞ்சினால் கேஸ் கரையும் அளவு குறையும். பிறகு ஒரு வாரம் அப்படியே. குலுக்கினால் சீக்கிரம் கரையும் என்பார்கள், ஆனால் அழுத்தத்தைத் தாண்டிக் கரைய வழி இல்லாத பொறுமையான முறைதான் எனக்குப் பிடிக்கிறது.

இஞ்சியை மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டினேன். ஒரு நார் போனாலும் முனையின் ஸ்பிரிங்கில் சிக்கிக்கொள்ளும். லீமாவ் கஸ்தூரி விதைக்கும் அதே கதை. இனிப்பு உள்ள பானம் என்பதால் காய்ச்சியதிலிருந்து கடைசிக் குவளை வரை குளிரிலேயே இருக்க வேண்டும், வெளியே விட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும்.

ஊற்றும் ஹோஸ் பற்றி இரண்டு வார்த்தை. குறுகலான ஹோஸ், உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக, நீளம் ஏழு மீட்டர். 30 பிஎஸ்ஐ குழாய் வாய்க்கு வருவதற்குள் உராய்ந்து தணிய வேண்டும். பீருக்கு வைக்கும் குட்டை ஹோஸ் சோடாவுக்கு ஆகாது, குவளை முழுக்க நுரைதான் வரும். ஹோஸைச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் குவளையை மாமாவுக்குத்தான் ஊற்றினேன். ஊசிமுனைக் குமிழ் அடியிலிருந்து விடாமல் ஏறிக்கொண்டே இருந்தது, காரம் தொண்டையில் நின்றது. என் மனைவிக்கு இனிப்பு கொஞ்சம் தூக்கல், அடுத்த முறை கூலா மெலாக்காவைக் குறைக்கச் சொல்கிறாள். மாமா இரண்டாவது குவளை கேட்டார், கூடவே தோங்கின் எடையையும் கேட்டார்.

இப்போது தராசு 230 கிராம் குறைந்திருப்பதாகக் காட்டுகிறது, கெக்கில் இன்னும் இரண்டு லிட்டர் இருக்கிறது. கணக்கு ஒத்துப்போகிறது. அடுத்தது அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம் பழம்) போட்ட எலுமிச்சை சோடா. அதற்கு இரண்டாவது கெக்கும், ஒரே தோங்கிலிருந்து இரண்டுக்கும் கேஸ் பிரிக்கும் வால்வும் சொல்லிவைத்திருக்கிறேன். திரும்பி வராத வகை வால்வாக, ஒன்றின் இஞ்சி மற்றதற்குள் போகாத மாதிரி.