பட்டாபட்டிப் பையும் வெங்காயத் தோலும்

2017 ஜனவரி, ஒரு சனிக்கிழமை காலை. ராத்திரி முழுக்கப் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நான் குடியிருந்த கட்டடத்து வாசலில் லுங்கி, அதன் மேல் தொடைவரை தொங்கும் ஜாக்கெட், தலையில் அம்மா கொடுத்தனுப்பிய மங்கி குல்லா, சாக்ஸோடு சேர்த்துத் திணித்த ஹவாய் செருப்பு, கையில் பனி தள்ளும் மண்வெட்டி என்று நின்றுகொண்டிருந்தேன்.

இந்த ஊர்க்காரர்களிடம் 'கேர்வோஹெ' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்து மாடிப்படியையும் வாசலையும் பெருக்க வேண்டும். யார் முறையோ அவர் வீட்டுக் கதவில் சின்ன அட்டை ஒன்று தொங்கும். எங்கள் கட்டடத்தில் பனிக்காலத்தில் நடைபாதைப் பனியைத் தள்ளுவதும் அதில் சேர்த்தி. யாராவது வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் பொறுப்பு நம் தலையில் விடியலாம். நான் குடி வந்த மூன்றாவது வாரமே அட்டை என் கதவுக்கு வந்துவிட்டது.

கீழ்வீட்டு அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். லுங்கியைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார் என்று கூசிப்போய் நின்றேன். அவர் லுங்கியைக் கண்டுகொள்ளவே இல்லை. என் காலைக் காட்டி "ஷூஹெ!" என்று அதட்டினார். ஷூ. உள்ளே போய் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். எனக்கு ஒரு சைஸ் பெரிது. லுங்கியும் பூட்ஸுமாகவே வேலையை முடித்தேன். அந்த வீட்டில் நான் இருந்த நாலு வருஷத்தில் லுங்கியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "அங்க என்ன டிரஸ் போடுவாங்க? கோட் சூட் வேணுமா?" என்பதுதான். அப்போதெல்லாம் அந்த அம்மாள்தான் நினைவுக்கு வருகிறார். பார்க்க எப்படி இருக்கிறது என்பது இங்கே பலருக்குப் பெரிய விஷயமில்லை. மழைக்கும் தரைக்கும் தோதாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 'மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, தப்பான உடுப்புதான் உண்டு' என்று ஜெர்மனியில் ஒரு பேச்சு வழக்கே இருக்கிறது. முதல் வருஷம் இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வானிலையில் குறையே இல்லையாம்.

வரும்போது நான் செய்த தப்புகளில் பெரியது தெர்மல், அதாவது உடம்போடு ஒட்டும் குளிர்கால உள்ளாடை. சென்னையில் இரண்டு செட் வாங்கி, இறங்கிய மறுநாளே உள்ளே மாட்டி, மேலே சட்டை, ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன். வெளியே மைனஸ் ஆறு. உள்ளே ஹீட்டர் புண்ணியத்தில் இருபத்தோரு டிகிரி, ரயிலுக்குள்ளும் அதே கதை. பத்து மணி மீட்டிங்கில் முதுகில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தேன். ஜாக்கெட்டைக் கழற்றலாம், ஸ்வெட்டரைக் கழற்றலாம். பேண்டுக்குள் இருப்பதை என்ன செய்வது? மத்தியானம் கழிவறையில் வைத்துக் கழற்றி, லேப்டாப் பைக்குள் சுருட்டித் திணித்துக்கொண்டு வீடு வந்தேன்.

இதற்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் வைத்தியம் வெங்காய முறை. தோல் தோலாகப் போடு, உள்ளே போனதும் தோல் தோலாக உரி. ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரை விட மூன்று மெல்லிய உடுப்பு மேல். ஆனால் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் தோல் எது என்பதில்தான் நம்மூர்க்காரர்கள் தவறுகிறோம். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். ரயிலுக்கு ஓடி வியர்த்துவிட்டு ப்ளாட்ஃபாரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், குளிர் உள்ளேயிருந்து கிளம்பும். மெரினோ ஆட்டுக் கம்பளி அப்படியில்லை, கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. பருத்தியே கதி என்று வளர்ந்தவனுக்கு இதை ஒப்புக்கொள்ள இரண்டு குளிர்காலம் பிடித்தது. கோடைக்குப் பருத்திதான், அதில் சந்தேகமில்லை. இங்கே கடையில் மூன்று மூன்றாகக் கட்டி விற்கும் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் சில சமயம் 'இந்தியா' என்று இருக்கும். திருப்பூரில் தைத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதை இங்கே யூரோ கொடுத்து வாங்கும்போது யாரையோ ஏமாற்றுகிற மாதிரியும் இருக்கும், ஏமாறுகிற மாதிரியும் இருக்கும்.

கம்பளியில் இன்னொரு சங்கதி. அறுபது டிகிரி வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும். நான் வாங்கிய முதல் நல்ல ஸ்வெட்டர் இப்போது நண்பரின் ஆறு வயது மகனிடம் இருக்கிறது.

அளவு விவகாரத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜெர்மனியில் ஆண்கள் கோட்டின் அளவு மார்புச் சுற்றளவில் பாதி. எனக்கு 96 சென்டிமீட்டர், அப்படியென்றால் 48. போட்டுப் பார்த்தால் தோள் சரியாக உட்காரும், கை மட்டும் விரல் நுனிவரை வந்து நிற்கும். இரண்டு வருஷம் கையை மடித்துவிட்டுக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒரு விற்பனையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு 24" என்றார். குழந்தைகள் பக்கம் அனுப்பப் பார்க்கிறாரோ என்று முகம் சுருங்கிவிட்டது. விஷயம் வேறு. 48-இல் பாதி 24, அதே மார்பளவு, குள்ளமானவர்களுக்கான நீளம். நெட்டையர்களுக்கு 98 மாதிரி தனி எண் வரிசை இருக்கிறது. என்னைப் போல ஐந்தே கால் அடிக்காரர்கள் 24, 25 என்று கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாக் கடையிலும் அது கிடைக்காது. அதற்குத்தான் தெருமுனையில் துருக்கிக்காரர் ஒருவர் நடத்தும் ஆல்டரேஷன் கடை. பேண்ட் கால் மடிக்க 12 யூரோ வாங்கினார். ஊரில் அதே காசுக்குப் பேண்டையே தைத்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. ஆனால் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தரையில் மண்டியிட்டு, குதிகால் பக்கம் அரை விரல்கடை கூடுதலாக விட்டு அளவெடுத்தாரே, அந்த நிமிடம் கும்பகோணத்தில் எங்கள் தெரு டெய்லர் கடைக்கே போய்விட்டேன்.

ஜாக்கெட்டை ஊரில் வாங்காதீர்கள். நண்பரிடம் இரவல் கேட்டு விமானம் ஏறுங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம். குளிர்கால உடுப்பை ஜனவரிக் கடைசியில் விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். ஒரு காலத்தில் இந்தத் தள்ளுபடி எந்த நாட்களில் என்று சட்டமே வைத்திருந்தார்கள், 2004-இல் எடுத்துவிட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் மெட்ஸிங்கன் என்று ஒரு சின்ன ஊர், ஹூகோ பாஸ் உடுப்புக் கம்பெனி 1924-இல் தொடங்கிய இடம். இப்போது ஊரில் ஏகப்பட்ட தள்ளுபடிக் கடைகள். விருந்தாளிகள் அரண்மனை பார்க்க வருவதில்லை, அங்கே போகத்தான் வருகிறார்கள்.

ஷூவுக்கு மட்டும் காசு பார்க்க வேண்டாம். தோல் அடிப்பாகம் உள்ள ஆபீஸ் ஷூ பனிக்கட்டியில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். பள்ளம் பள்ளமான ரப்பர் அடி வேண்டும். பனி உருக உப்பு தூவுவார்கள், அது தோலில் வெள்ளைக் கோடாகப் படியும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் போகும். சாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயும் பல வீடுகளில் ஷூவை வாசலில் கழற்றச் சொல்வார்கள், அப்போது பெருவிரல் எட்டிப் பார்த்தால் அன்றைய சாப்பாடு தொண்டையில் இறங்காது.

இதெல்லாம் குடியிருப்பவன் பாடு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பாடு வேறு. ஒரு ஜூன் மாதம் அப்பாவும் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் மூன்று வாரத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை படம் பார்த்துத் தயாராகி வந்திருந்தார்: கிழிசல் ஜீன்ஸ், முட்டிக்கு மேல் நிற்கும் ஷார்ட்ஸ் நாலு, கறுப்புக் கண்ணாடி. அப்பா பெட்டியில் ஆறு வேட்டி, ஆறு அரைக்கைச் சட்டை, ஒரு மப்ளர்.

"ஃப்ளைட்ல வேட்டியோட வந்தா என்னப்பா, யாரு என்ன சொன்னா?" என்று இறங்கியதுமே என்னிடம் சண்டைக்கு நின்றார். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். நம்மூர்க் கோயில் மாதிரிதான், ஆணுக்கும் உண்டு. மாப்பிள்ளையின் ஷார்ட்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டது. அப்பாவின் தோள் துண்டு மாப்பிள்ளை இடுப்புக்கு மாறியது, அவர் உள்ளே போனார். ஸ்விட்சர்லாந்தில் யுங்ஃப்ராயோக் மலை ரயில் நிலையம் 3454 மீட்டர் உயரம். கீழே இன்டர்லாக்கனில் டி-ஷர்ட் வெயில், மேலே ரயில் நின்றதும் சுற்றிலும் பனி. அங்கே மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடி ஒன்றுக்குத்தான் வேலை இருந்தது, பனியின் வெளிச்சம் கண்ணைக் குத்தும். பிரான்ஸில் நகராட்சி நீச்சல் குளங்களில் தொளதொள ஷார்ட்ஸோடு இறங்க விடமாட்டார்கள், ஒட்டிப் பிடிக்கும் சின்ன உடுப்புதான் வேண்டும். தெருவில் போட்டுத் திரிந்த அழுக்கோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது கணக்கு. ஜெர்மனியில் சௌனா என்ற சூட்டறைக் குளியலிலோ துண்டைத் தவிர எதுவுமே கூடாது. அதை அப்பாவிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

அப்பாவுக்காக ஜெர்மனியிலேயே ஹாம் என்ற ஊருக்குப் போனோம். ஹாம் ஊருக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்கு நடுவில், 2002-இல் குடமுழுக்கான காமாட்சி அம்பாள் கோயில். ஈழத் தமிழர்கள் எழுப்பியது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். சட்டையில்லாத மேல் உடம்போடு வேட்டி கட்டிய ஆண்கள் ஜெர்மன் தார்ச் சாலையில் வடம் பிடித்து இழுக்க, ஓரத்தில் போலீஸ்காரர் மழைக்கோட்டில் நிற்கிறார். பதினாறு டிகிரி, தூறல். நான் ஜாக்கெட்டுக்குள் இருந்தேன். அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வடத்துக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர் முதுகில் ஆவி பறந்தது.

கடைசியாகப் பாரிஸ். மெட்ரோவில் ஏறி இரண்டாவது நிறுத்தத்தில் மாப்பிள்ளை பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஜீன்ஸ் பின்பையில் இருந்த பர்ஸ் இல்லை. 180 யூரோ, இரண்டு கார்டு. தங்கை கண்ணில் தண்ணீர். கார்டுகளை முடக்க நான் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எதுவும் பேசவில்லை. ப்ளாட்ஃபாரத்து ஓரமாகப் போய் வெள்ளை ஓடு பதித்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கி, பட்டாபட்டி அண்ட்ராயர் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் ஒன்றை உருவினார். நாலு ஐம்பது யூரோ நோட்டு எண்ணினார்.

"இந்தாங்க மாப்பிள்ளை, கைச்செலவுக்கு வச்சுக்குங்க."

மிச்சத்தை மடித்து உள்ளே வைத்து வேட்டியை இறக்கிவிட்டார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரர் தன் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர்கள் ஊருக்குப் போன வாரம், இரண்டு பேண்டுகளை எடுத்துக்கொண்டு துருக்கிக்காரர் கடைக்குப் போனேன். உள்பக்கம், தொடைக்கு நேராக, ஒரு பை தைக்க வேண்டும் என்று கையால் காட்டினேன். அவர் துணியைத் திருப்பிப் பார்த்தார், சிரித்தார். தன் அப்பாவும் இப்படித்தான் தைத்துக்கொள்வார் என்றார். பிறகு சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜிப் வைக்கவா, பட்டன் வைக்கவா என்று கேட்டார்.