எழுபத்தஞ்சு போதும் என்றார்கள்

மகனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. கிடைத்த கதையைவிட, நான் எங்கே கோட்டை விட்டேன் என்று சொன்னால் யாருக்காவது உதவும்.

எங்கள் காலத்தில் கட்-ஆஃப், அதாவது இன்ஜினியரிங் சேர்க்கைக்குக் கணக்கிடும் மார்க், 300க்கு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. 2007இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள், இப்போது தமிழ்நாட்டு கவுன்சிலிங்குக்கு முழுக்க பிளஸ் டூ மார்க்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்கேயானாலும் நுழைவுத் தேர்வுதான் கடைசியில் பேசும் என்ற பழைய நினைப்பு போகவில்லை. என்ஐடி போன்ற மத்திய அரசு இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு ஜேஇஇ. அதற்கான பயிற்சி மையத்தில், "என்ஐடிக்கு பிளஸ் டூவில் 75 சதவீதம் இருந்தால் போதும் சார், அதற்கு மேல் எடுப்பது வீண்" என்றதும் தலையாட்டிவிட்டேன். என்ஐடி வரைக்கும் அது உண்மையும்கூட. அங்கே 76ம் 99ம் ஒன்றுதான், வாசலைத் தாண்ட மட்டுமே.

ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போக ஜேஇஇ பெர்சென்டைல் வேண்டுமே. அது மார்க் இல்லை, எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்ற கணக்கு. இரண்டு முறை எழுதினான்: ஜனவரியில் 89, ஏப்ரலில் 91. சித்தி போன் செய்து "91ஆ, நல்ல மார்க்தானே" என்றார். பதினான்கு லட்சம் பேர் எழுதும் தேர்வில் 91 பெர்சென்டைல் என்றால் நமக்கு முன்னால் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள் என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. திருச்சி என்ஐடி கனவு அன்றோடு சரி.

அப்புறம் பிளஸ் டூ ரிசல்ட். கணிதம் 84, இயற்பியல் 84, வேதியியல் 86. தமிழ்நாட்டு கட்-ஆஃப் 200க்கு, கணிதம் அப்படியே, மற்ற இரண்டும் பாதி பாதி: 84 + 42 + 43 = 169. இரண்டு வருடம் ஓரங்கட்டிய மார்க்தான் இப்போது கையில் மிச்சம்.

கணிதத்தில் 90க்கு மேல் வரும் என்று அவன் அடித்துச் சொன்னான். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கப் பள்ளிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதெல்லாம் மாறாது சார், பணம்தான் வேஸ்ட். நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனால் அவர் விடுமுறை. கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு, தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்தோம். "நாளைக்கு" என்றால் நம்பாதீர்கள், தேதி சில நாளிலேயே முடிந்துவிடும்.

நகல் வந்தது. ஐந்து மார்க் கேள்வி ஒன்றில் பாதி விடை அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையே இல்லை. மறுமதிப்பீட்டில் நான்கு மார்க் கூடி 88 ஆனது. கட்-ஆஃப் 173.

ஒரு பாடத்துக்குத்தான் செலவழிக்க முடியும் என்றால் கணிதத்துக்குப் போடுங்கள். அங்கே ஒரு மார்க் ஏறினால் கட்-ஆஃபில் முழுசாக ஒன்று ஏறும், இயற்பியலில் ஏறினால் அரைதான்.

கவுன்சிலிங் சிக்கலில்லாமல் முடிந்தது. கோவைப் பக்கம் ஒரு கல்லூரி, ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பிரிவு. 169க்கு அது கிடைத்திருக்காது.

போன வாரம் அதே பயிற்சி மையத்திலிருந்து போன். சின்னவள் பத்தாவது முடிக்கிறாளாமே என்றார்கள். "பிளஸ் டூ மார்க்குக்கும் சேர்த்துச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன். பிறகு கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.