நிலமில்லாதவர்களுக்கே முதல் கடன்

பர்மாவில் (மியான்மரில்) பாகோ பக்கத்துக் கிராமங்களில் கடன் என்ற பேச்சு எழுந்தாலே பெரியவர்கள் முகம் சுருங்கும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் வட்டிக்குக் கடன் கொடுத்த தமிழ்நாட்டுச் செட்டியார்கள் கைவசம் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த நிலம், நெல் விலை வீழ்ந்து அடமானங்கள் மூழ்கியதில் 1938-இல் 25 விழுக்காடானது. பர்மியர் அதை மறக்கவில்லை. தமிழர்களான எங்களாலும் மறக்க முடியாது.

2014-இல் அரசு தொடங்கிய ‘மியா சேன் யவுங்’ என்ற கிராமக் கடன் திட்டம் ஒரு கிராமத்துக்கு 3 கோடி கியாட் (பர்மிய நாணயம்) சுழல்நிதி தந்தது. எங்கள் முறை வந்தபோது பர்மியர், கரேன், தமிழர் மூன்று தரப்பிலும் ஆள் எடுத்துக் குழு அமைத்தோம். கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு.

காகித வேலை சுலபமாகவே முடிந்தது. யாருக்கு முதலில் என்பதில்தான் சண்டை. நிலம் வைத்திருப்பவர் 7-ஆம் எண் படிவம் என்ற நிலப் பயன்பாட்டுச் சான்றைக் காட்டி விவசாய வங்கியில் கடன் வாங்கலாம். கூலிக்காரருக்கு அந்த வழி இல்லை. மழைக்காலத்தில் அரிசிக்காக அறுவடைக் கூலியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பாதிக் கூலிக்கு உழைப்பார். வறுமை எங்கள் ஊரில் அங்கேதான் ஊறுகிறது என்பது என் உறுதியான எண்ணம். “திருப்பித் தர அவர்களிடம் என்ன இருக்கிறது?” என்று நிலக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கோயில் மண்டபத்தில் கூடிய கூட்டங்களில் அதைப் பேசிப் பேசித்தான் தீர்த்தோம்: ஐந்து வீடுகள் சேர்ந்து ஒன்றுக்கொன்று பொறுப்பேற்கும், பெயர்களும் தவணைகளும் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். இந்த வாசிப்பைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். சந்தேகம் வீட்டுக்குள் புகையாமல் அங்கேயே கேள்வியாக வந்துவிடும்.

கூலிக்குடும்பங்கள் பன்றியும் கோழியும் வாங்கின. நிலக்காரர்கள் வழக்கம்போல் நெல்லுக்குப் பின் உளுந்து விதைத்தார்கள். 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதி வரம்பு வைத்தது. இங்கே விலை சரிந்தது. தவணை தவறியவர்கள் நிலக்காரர்கள்; பன்றி வளர்த்தவர்கள் கட்டிவிட்டார்கள்.

சிலர் தண்டம் விதிக்கச் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். விலை விழுந்ததற்கு விவசாயி பொறுப்பல்ல. ஓர் அறுவடை வரை அவகாசம் கொடுத்தோம். அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் கூலிக்குடும்பங்களே அதிகம். இப்போது விதைப்புக்கு முன்பே கூடி, யார் எவ்வளவு உளுந்து, எவ்வளவு காய்கறி போடுவது என்று பேசி முடிவு செய்கிறோம்.