ஒரு அமுக்கலுக்கு ஒரே ஒரு துடிப்பு

கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த 12 வோல்ட் எல்இடி பட்டையை அணைக்க, தினமும் தூக்கம் வரும் நேரத்தில் எழுந்து போக வேண்டியிருந்தது. பழைய டிவி ரிமோட் ஒன்று சும்மா கிடந்தது. அதையே சுவிட்சாக மாற்ற உட்கார்ந்தேன்.

சர்க்யூட் சின்னதுதான். ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்க டிஎஸ்ஓபி 1738 சென்சார், வரும் மின்துடிப்புகளை எண்ணி எரி–அணை என்று நிலை மாற்ற சிடி 4017 ஐசி, 12 வோல்ட்டை 5 ஆக்க 7805. 4017இன் 2ஆம் கால் (பின்) விளக்குக்கு. 4ஆம் கால், எண்ணிக்கையை முதலுக்குத் திருப்பும் ரீசெட் காலான 15க்கு. முதல் துடிப்பில் எரியும், அடுத்ததில் அணையும்.

சால்டர் இல்லாமல் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் அப்படி நடக்கவில்லை. பட்டனை அமுக்கினால் ஒரு சமயம் எரிந்தது, ஒரு சமயம் மினுக்கிவிட்டு அணைந்தது. வயர்களையெல்லாம் பிடுங்கி மறுபடி சொருகினேன். அப்போதும் அதே கதைதான். அப்புறம் டிஎஸ்ஓபியின் அவுட்புட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு சின்ன எல்இடியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் வைத்துப் பார்த்தேன். ரிமோட்டைத் தொட்டதும் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு அமுக்கலுக்கு ரிமோட் ஒரு முழுக் குறியீட்டையே துடிப்பு துடிப்பாக அனுப்புகிறது. 4017 அத்தனையையும் எண்ணுகிறது. கை எடுக்கும்போது எண்ணிக்கை எங்கே நின்றதோ, அதுதான் விளக்கின் நிலை.

டிஎஸ்ஓபிக்கும் 4017க்கும் நடுவில் ஒரு 555 டைமர் ஐசி போட்டேன். ஒளி பட்டதும் டிஎஸ்ஓபியின் அவுட்புட் கீழே இறங்கும். 555இன் 2ஆம் கால் கேட்பதும் அதைத்தான். அதனுடன் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 1.1 விநாடி நீளத்துக்கு ஒரே ஒரு துடிப்பு. அதற்குள் வரும் மற்றவை கணக்கில் சேராது. பட்டனைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விளக்குக்கு முதலில் பிசி 547 டிரான்சிஸ்டரை நினைத்திருந்தேன். அது தாங்குவது 100 மில்லிஆம்பியர். என் பட்டை கிட்டத்தட்ட 1 ஆம்பியர் இழுக்கிறது. 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் ஐஆர்எல்இசட் 44என் மாஸ்ஃபெட் (அதிக கரண்ட் தாங்கும் ஒரு வகை டிரான்சிஸ்டர்) போட்டேன். தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை.

சரி, முடிந்தது என்று நினைத்தால், கரண்ட் போய் வரும்போது விளக்கு தானாக எரிந்தது. கரண்ட் வந்ததும் 4017 ஒரு முறை ரீசெட் ஆக வேண்டும். அதற்காக அதன் 4ஆம் காலுக்கும் 15ஆம் காலுக்கும் நடுவே, 15ஐப் பார்த்தபடி ஒரு 1என்4148 டையோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது). 15இலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 5 வோல்ட்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இப்போது எப்போது கரண்ட் வந்தாலும் அணைந்த நிலையிலேயே தொடங்குகிறது.