ஆண்களின் பொதுப் பட்டறை: பேச்சும் மரத்தூளும்

ஆண்கள் கூடிக் கைவேலை செய்தபடி பேசிப் பழகும் பொதுப் பட்டறைதான் 'மென்ஸ் ஷெட்'. ஆஸ்திரேலியாவில் 1990களில் பரவத் தொடங்கிய இந்தப் பட்டறைகளுக்கு 2007இல் தேசிய அளவில் ஒரு சங்கமே அமைந்தது. பணி ஓய்வு பெற்றதும் பல ஆண்களுக்குக் கைவிட்டுப் போவது பேச்சுத்துணை. எதிரே உட்கார்ந்து "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் வாய் திறக்காதவர், நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் போட்டபடியே, இரவில் தூக்கமில்லை என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுவார். பார்வை வேலையில் இருப்பதால் கூச்சம் குறைகிறது. அதனால் இப்படி ஒரு பட்டறை அமைத்தால், கைவேலை மேசைகளை அருகருகே போடுங்கள். ரம்ப இயந்திரமும் மரம் இழைக்கும் பிளேனரும் தனி அறையில் இருக்கட்டும். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறதென்றால் சத்தம் 85 டெசிபலைத் தொட்டிருக்கும். அங்கே காதுக்கவசம் கட்டாயம்.

பலர் அலட்சியப்படுத்துவது மரத்தூளை. மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது அது. துடைப்பத்தால் பெருக்கினால் நுண்தூள் மறுபடி காற்றில் ஏறும். தூள் எழும் இடத்திலேயே உறிஞ்சுகுழாயைப் பொருத்துங்கள். தரைக்கு, நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம். துணி முகமூடி போதாது, நுண்தூளைத் தடுக்கும் என்95 முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அந்த முகமூடியும் ஓரத்தில் ஒட்டாமல் தூளை உள்ளே விடும். கடைசல் இயந்திரத்திலும் டிரில்லிலும் கையுறை கூடவே கூடாது. சுழலும்போது துணியைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

டீ மேசையோரம் ஒரு ரத்த அழுத்தக் கருவி வைப்பது மிக நல்லது. ஆனால் டீ குடித்த கையோடு பார்த்தால் அளவு ஏறிக் காட்டும். அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பட்டையை இதய மட்டத்தில் கட்டி, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும்.