ஏரிக்கரைப் பூங்காத் திட்டமும் நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோடும்

புதுச்சேரி நகரப் பகுதிக்குள் எஞ்சியிருக்கும் ஏரிகளில் ஒன்றின் கரையில் பூங்கா உண்டு. அதைச் சீரமைத்து, நடைபாதை, சிறுவர் விளையாட்டுத் திடல், படகுத்துறை, சிற்றுண்டிக் கடைகள் ஆகியவற்றை அமைக்கும் திட்டம் வந்தபோது, கரையை ஒட்டிய குடியிருப்புகளில் வாழும் நாங்கள் அதில் எப்படிப் பங்கெடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். வேலை இன்னும் முடியவில்லை. எங்களிடம் பொறுமையாகப் பேசிய அலுவலர்களும் அதில் இருப்பதால் ஏரியின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

ஏரிக்கரைச் சாலையில் நான் ஜெராக்ஸ் மற்றும் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். குடிநீர், சாக்கடை, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு மனு கொடுப்பதானாலும் இந்தப் பகுதி மக்கள் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். பூங்கா வரப்போகிறது என்ற செய்தியும் அப்படித்தான் வந்தது. இன்னும் கடைகள் வேண்டும் என்று ஒருவரும், கடைகளே கூடாது என்று இன்னொருவரும் ஒரே நாளில் மனு தட்டச்சு செய்யச் சொன்னார்கள். இருவருமே வரைபடத்தைப் பார்த்திருக்கவில்லை.

வார்டு உறுப்பினரைக் கேட்கலாமே என்று வெளியூர் நண்பர்கள் சொன்னார்கள். புதுச்சேரியில் அந்த வழி இல்லை. இங்கே 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. நாங்கள் இந்த வேலையில் இறங்கிய நாளில் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. கடலூரில் இருக்கும் என் தங்கை, தெருவிளக்கு எரியாவிட்டால் தன் வார்டு கவுன்சிலர் வீட்டுக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள். அந்த வசதி இல்லாத ஊரில் மக்கள் பங்கேற்பு என்பதை மக்களேதான் முயன்று உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. புதுச்சேரி ஏரிகளுக்கு மக்கள் நிர்வாகம் புதிதன்று. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில் 84 ஏரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டு, ஏரிப் பயனாளிகளின் சங்கங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அந்த ஏற்பாடு பாசன விவசாயிகளை வைத்து உருவானது. எங்கள் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது ஏரி நீரில் பாசனம் பெற்ற நிலம், முழுவதும் மனைகளாகி, வீடுகளாகிவிட்டது. ஆயக்கட்டு போன ஏரிக்கு யார் பயனாளி என்ற கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் பதில் இல்லை. அந்தப் பதிலை எழுதிக் கொடுப்பதே எங்கள் முதல் வேலையானது.

வரைபடத்தைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தினோம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு என்பது பலருக்கும் தெரியும். அதே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கோப்பையும் நடக்கும் பணியையும் நேரில் பார்வையிடும் உரிமையைத் தருகிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. திட்டத்தின் நகல் கொடுங்கள் என்று மட்டும் பொதுவாகக் கேட்டால் சுருக்கக் குறிப்பு ஒன்று வந்து சேரும். தள வரைபடம், குறுக்குவெட்டுத் தோற்றம், மதிப்பீட்டின் விவரப் பட்டியல் என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூடவே கோப்பைப் பார்வையிட நாள் குறித்துத் தரும்படியும் அதே மனுவில் கேட்க வேண்டும். எங்கள் மனுவுக்குக் கெடுவுக்குள் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகே வரைபடம் கைக்கு வந்தது. இதற்கிடையே நில அளவைப் பதிவுகளில் ஏரியின் புல வரைபட நகலையும் பணம் கட்டி வாங்கிவிட்டோம். ஏரியின் எல்லை, வரத்து வாய்க்கால், போக்கு வாய்க்கால் மூன்றும் அதில் தெளிவாக இருந்தன.

இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து என் கடைக் கண்ணாடி மேசையில் அடியில் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். விளையாட்டுத் திடல் ஏரியின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் உட்பகுதியில், வரத்து வாய்க்கால் வந்து சேரும் சேற்று மேட்டின் மேல் வரையப்பட்டிருந்தது. நடைபாதை கலங்கலை மண் கொட்டி உயர்த்திக் கடந்தது. கலங்கலில் வழியும் நீருக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாய்கள் காட்டப்பட்டிருந்தன. கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் மிகை நீர் தானே வழிந்தோட முன்னோர் கட்டிவைத்த தாழ்ந்த கற்சுவர். அதன் அகலம் முழுவதும் திறந்திருந்தால்தான் கரை உடையாமல் நிற்கும்.

இதைக் கூட்டம் கூட்டிச் சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் இருக்கும் கோடு கரையில் எங்கே விழும் என்று பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரைபடத்தோடும், அளவு நாடாவோடும், ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியோடும் கரைக்குப் போனோம். கபடி ஆடுகளத்துக்குக் கோடு போடுவதைப் போலவே நடைபாதையின் இரு விளிம்புகளையும், கடைகளின் நான்கு மூலைகளையும், வண்டி நிறுத்துமிடத்தையும் தரையில் வரைந்தோம். முழுக் கோடும் விழுவதற்குள் தெருவே கரைக்கு வந்துவிட்டது. கடைக்காகக் குறிக்கப்பட்ட ஒரு மூலை, ஆடித் திருவிழாவில் பெண்கள் பொங்கல் வைக்கும் இடத்தில் விழுந்தது. வண்டி நிறுத்துமிடம் மூன்று பனைமரங்களை விழுங்கியது. வீசுவலை போட்டு மீன் பிடிப்பவர்கள் இறங்கும் ஒரே சரிவை, வரைபடத்தில் இருந்த கம்பி வேலி அடைத்தது. அவர்கள் அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. கூட்டம் மாலையில் நடந்தது, அவர்களுக்கு வேலை நேரமே அதுதான்.

கலங்கல் அருகே வந்ததும் பேச்சு வேறு மாதிரி ஆனது. பாசனம் நடந்த காலத்தில் மடை திறக்கும் பொறுப்பில் இருந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர், கலங்கலின் உச்சிக் கல்லில் கையை வைத்து, "இதுக்கு மேல ஒரு கல்லு வெச்சாலும் தண்ணி உங்க வூட்டுக்குத்தான் வரும்" என்றார். தாழ்வான தெருவில் இருக்கும் கொத்தனார் ஒருவர் உடனே வீட்டுக்குப் போய், மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு வந்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் கலங்கல் கல்லிலும் மறுமுனையைக் கைப்பிடிச் சுவரிலும் பிடித்து, குறித்து, அங்கிருந்து அடுத்த சுவர், அடுத்த வாசல் என்று மட்டத்தைத் தெருவுக்குள் கடத்திக்கொண்டே போனார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தின் கறை இன்னும் அந்தத் தெருச் சுவர்களில் இருக்கிறது. கலங்கல் மட்டத்துக்கும் அந்தக் கறைக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. மண்மேடு எவ்வளவு உயரும் என்பது குறுக்குவெட்டுப் படத்தில் இருந்தது. பிறகு யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிகக் கடைகள் வேண்டும் என்று என்னிடம் மனு எழுதக் கேட்டவர் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார். அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டவரும் அவரே.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பு இன்னொன்றையும் எங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. சதுப்புநில விதிகளின்படி கரையிலிருந்து 50 மீட்டருக்குள் எதையும் கட்டக்கூடாது என்று வாதாடலாம் என இளைஞர்கள் சிலர் கூறினார்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளில் நிரந்தரக் கட்டுமானங்களுக்கு அப்படி ஒரு தடை இருப்பது உண்மை. ஆனால் அந்த விதிகள் ராம்சார் தளங்கள் எனப்படும் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலங்களுக்கும் முறைப்படி அறிவிக்கப்பட்ட சதுப்புநிலங்களுக்கும் உரியவை. பாசனத்துக்கென்று வெட்டப்பட்ட ஏரிகளை அவற்றின் வரையறையே விலக்கி வைக்கிறது. 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியின் நிலை வேறு, எங்கள் ஏரியின் நிலை வேறு. பொருந்தாத விதியைச் சொல்லிப் பேசத் தொடங்கினால் முதல் மறுப்பிலேயே மற்ற எல்லாமும் மதிப்பிழந்துவிடும் என்று நான் வற்புறுத்தினேன். புல வரைபடமும், மட்டக் கணக்கும், கரையைப் பயன்படுத்துகிறவர்களின் பட்டியலும் போதும் என்று முடிவானது.

அந்தப் பட்டியல்தான் நான் தட்டச்சு செய்த தாள்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. காலையில் நடப்பவர்கள், வலைக்காரர்கள், மாடு கழுவுகிறவர்கள், திருவிழாவில் பொங்கல் வைப்பவர்கள், மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகள், வேலை முடிந்து கரை வழியே தனியாக வீடு திரும்பும் ஜவுளிக்கடைப் பெண்கள் என்று ஒவ்வொருவரும் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறார்கள், என்ன தேவை என்று கேட்டு எழுதினோம். விளக்கு பற்றிய சண்டை இதனால்தான் தீர்ந்தது. நீர்ப்பரப்பில் வெளிச்சம் விழுந்தால் இரவில் அடையும் நீர்க்காகங்களும் கொக்குகளும் போய்விடும் என்பது ஒரு தரப்பு. இருட்டில் பெண்கள் நடக்க முடியாது என்பது மறு தரப்பு. இரண்டும் நியாயமானவை. உயர்கோபுர விளக்குக்குப் பதிலாக, இடுப்பளவு உயரத்தில் தரையை மட்டும் பார்க்கும் விளக்குகளை அந்தப் பெண்கள் நடக்கும் பக்கத்தில் முதலில் வைப்பது என்று முடிவு செய்தோம். அதை முன்மொழிந்தவர் அப்படி இரவில் நடந்து வருகிற பெண்களில் ஒருவர்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைக் முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். அதில் பாதி நேரம் நன்றி சொல்வதில் போயிற்று. பயன் தந்தது அதற்கு முந்தைய வாரம் பொறியாளர் கரைக்கு வந்ததுதான். நாங்கள் எழுத்தில் கேட்டதன் பேரில் வந்தார். மறுபடியும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தோம். அவர் கோட்டின் மேலேயே நடந்தார், கலங்கலில் நின்றார், கொத்தனாரிடம் மட்டக் குழாயை வாங்கித் தானே ஒருமுறை பிடித்துப் பார்த்தார். ஆகாயத்தாமரை அடைத்தால் குழாயில் நீர் போகாது என்று பெரியவர் சொன்னதை மறுக்காமல் குறித்துக்கொண்டார்.

திருத்திய வரைபடத்தில் கலங்கல் முழு அகலமும் திறந்தே இருக்கிறது, நடைபாதை அதன் மேல் தூண்களில் நிற்கும் சிறு பாலமாகக் கடக்கிறது. விளையாட்டுத் திடல் உள்வாயிலிருந்து பழைய பூங்கா நிலத்துக்கு மாறியிருக்கிறது. வேலியில் வலைக்காரர்களுக்கு வழி விட்டிருக்கிறார்கள், பனைகள் மூன்றும் நிற்கின்றன. கடைகளின் எண்ணிக்கை குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. மாடு கழுவும் படித்துறை கிடைக்கவில்லை. அது எனக்கு வருத்தமே, ஏனென்றால் அந்தக் குடும்பங்களுக்கு வேறு நீர்நிலை அருகில் இல்லை. அதற்காக ஏரியின் கீழ்க்கோடியில் இடம் காட்டித் தனி மனு கொடுத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் கவலை வரத்து வாய்க்கால். மேலே இருக்கும் மனைப்பிரிவுகளின் கழிவுநீர் அதில்தான் விழுகிறது. அது நிற்காவிட்டால் கரையில் எத்தனை இருக்கைகள் போட்டாலும் நாற்றத்தில் யாரும் உட்கார முடியாது. பூங்கா மதிப்பீட்டில் இதற்குத் தொகை ஏதும் ஒதுக்கப்படவில்லை, வேறொரு பிரிவின் வேலை என்கிறார்கள். வாய்க்கால் ஓரமாக நடந்து, குழாய்கள் வந்து விழும் இடங்களைச் சுவரில் எண் போட்டுக் குறிக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளைப் புல வரைபடத்தின் மேல் ஏற்றி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அந்தப் பிரிவின் பொறியாளரையும் வாய்க்கால் ஓரம் நடக்க அழைப்பதற்கான கடிதம் என் கடையில் தயாராகிக்கொண்டிருக்கிறது.