பல்லாவரத்தில் ஒரு கோடை: மொட்டை மாடி நாட்குறிப்பு

மே 11, 2025, ஞாயிறு

லீவு விட்டதிலிருந்து சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிடுகிறார்கள். கத்திரி வெயிலில் கீழே கால் வைக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் தஞ்சாவூர் போய்விட்டு நேற்றுதான் திரும்பினான். பெரிய கோயிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, "நம்ம பல்லாவரத்துல என்ன இருக்கு? தலைக்கு மேல பிளேன் போகுது, அவ்வளவுதான்" என்றான். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. 28 வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். காலையில் மின்சார ரயில், பீச் பக்கம் ஆபீஸ், வீடு வந்து சேர இரவு எட்டு மணி. ஜனவரியில் ஓய்வு பெற்ற பிறகுதான் என் தெருவைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். ஆனாலும் அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டேன். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. லைட்டே போடவில்லை, நிலா போதுமானதாக இருந்தது.

சொன்னேன். 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழிப் பக்கம் கிடந்த கல்லைக் குனிந்து எடுக்கிறார். அது தானாக உடைந்த கல் இல்லை, யாரோ தட்டித் தட்டிக் கூர்மையாக்கிய கைக்கோடரி என்று அவருக்குப் புரிகிறது. பழைய கற்கால மனிதர்கள் இந்த நாட்டில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். அதே வருடம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்த கருவிகள் 15 லட்சம் வருடம் பழையவை என்று 2011-இல் ஆய்வு சொன்னது. பாடப் புத்தகங்களில் அத்திரம்பாக்கம் வருகிறது, நல்லதுதான். ஆனால் கதை தொடங்கியது இங்கே.

தஞ்சாவூர்ப் பையன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அந்தக் கல்லு இப்ப எங்க ஆன்ட்டி?" ஃபூட் சேர்த்து வைத்தவை 1904-இல் எழும்பூர் மியூசியத்துக்கு வந்துவிட்டன என்றேன். போகலாமா என்றான். போகலாம்.

மே 17, சனி

வெயில் ஏறுவதற்குள் மலைப்பக்கம் போய் வந்தோம். ஏழு பிள்ளைகள், துணைக்கு அடுத்த தெருப் பெரியவர். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரை அங்கே இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்று அது தர்கா.

எங்கள் கூட்டத்தில் ஒரு பையன், "அத்தாவோட எத்தனையோ தடவை வந்திருக்கேன், ராஜா காலத்துதுன்னு யாரும் சொல்லலையே" என்றான். திரும்பும்போது அவன்தான் எல்லோருக்கும் முன்னால் நடந்தான், வழி காட்டுகிறவன் மாதிரி.

மே 21, புதன்

பெரியவர் பம்மல்காரர், வயது 78. சம்பந்த முதலியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. 1891-இல் பெல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழு சென்னையில் நடித்ததைப் பார்த்து, தமிழில் ஏன் இப்படி முடியாது என்று நினைத்து, அந்த வருடமே சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். வக்கீல், பின்னால் நீதிபதி. படித்தவர்கள் மேடை ஏறுவதைக் கேவலமாகப் பார்த்த காலத்தில் மேடை ஏறினார். பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள்.

"அப்ப நாமும் ஒரு டிராமா போடலாமே" என்றது ஒரு குரல். ஒன்பதாம் வகுப்புப் போகப்போகிற பெண். சரி, என்ன டிராமா? இந்த ஊர்க் கதையாகவே இருக்கட்டும் என்று மறைமலை அடிகளை எடுத்தோம். 1911-இல் இங்கே குடிவந்தவர், 1950-இல் கண் மூடும்வரை பல்லாவரத்துக்காரர். 1916-இல் வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலாவும்போது வள்ளலார் பாடல் ஒன்றில் 'தேகம்' என்ற சொல் வருகிறது. அந்த இடத்தில் 'யாக்கை' என்று இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்கிறார் அடிகள். இனி நாமே அப்படிப் பேசினால் என்ன என்று மகள் கேட்கிறாள். தனித்தமிழ் இயக்கம் அப்படிப் பிறந்தது என்பார்கள். அந்த மகளுக்கு அப்போது பதின்மூன்று வயதுதான் என்றதும் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மே 24, சனி

ஒத்திகை. அடிகளாக ஒன்பதாம் வகுப்புப் பெண், என் கணவரின் பழைய வேட்டியும் சால்வையும் போட்டுக்கொண்டு. அந்தக் காலத்தில் ஆண்கள் பெண் வேஷம் போட்டார்கள் அல்லவா, கணக்கு சரியாகிவிட்டது என்று பெரியவர் பூரித்துப் போனார்.

நீலாம்பிகை யார் என்பதில் இழுபறி. கடைசியில் மூலை வீட்டு ஒரிசாக்காரப் பெண் கையைத் தூக்கினாள். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், வந்து நான்கு வருடம் ஆகிறது. தமிழ்ப் பள்ளியில்தான் படிக்கிறாள். வசனம் சொல்லும்போது பாதியில் நின்றாள். "ஆன்ட்டி, எங்க வீட்டுல உடம்புக்கு தேஹ-ன்னுதான் சொல்வோம். அப்ப இது எங்க வார்த்தையா?"

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அது சமஸ்கிருதத்திலிருந்து உங்கள் மொழிக்கும் வந்தது, எங்கள் மொழிக்கும் வந்தது. எங்களிடம் முன்னாலேயே யாக்கை என்று ஒன்று இருந்தது என்றேன். இரண்டு சொல்லையும் மாறி மாறி வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இந்த மாதம் நான் கேட்டதிலேயே அருமையான கேள்வி அதுதான்.

எட்டு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் முடித்தோம்.

மே 30, வெள்ளி

ஃபூட் அந்தக் கல்லை எடுத்து இன்றோடு 162 வருடம். வெள்ளிக்கிழமையாக அமைந்தது, அதனால் பல்லாவரம் சந்தையும் சேர்ந்துகொண்டது. நாடகத்துக்குத் துணி, பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு பிரம்பு நாற்காலி வாங்கப் போனோம். செடி, பழைய மிக்ஸி, லவ் பேர்ட்ஸ், கதவுத் தாழ்ப்பாள், எதுதான் இல்லை அங்கே.

ஓரத்தில் ஒருவர் அம்மி கொத்திக்கொண்டிருந்தார். உளியைச் சாய்த்துப் பிடித்து, சுத்தியலால் ஒரே சீரான தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. நடுவில் ஒரு தடவை உளி வழுக்கி விளிம்பில் பட்டு, நகம் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. தஞ்சாவூர்ப் பையன் ஓடிப்போய் எடுத்தான். விரல் நுனியால் அதன் ஓரத்தைத் தடவினான். "கத்தி மாதிரி இருக்கு ஆன்ட்டி. அவங்களும் இப்படித்தான் தட்டியிருப்பாங்களா?" உளி இல்லாமல், கல்லை வைத்தே கல்லைத் தட்டியிருப்பார்கள் என்றேன். அவன் கொத்துகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கிளப்பிக்கொண்டு வர அரைமணி ஆயிற்று. அவரும் கோபப்படாமல், "பாரு கண்ணு, கல்லுக்கும் நரம்பு உண்டு" என்று காட்டிக்கொண்டே வேலை செய்தார்.

ஜூன் 1, ஞாயிறு

நாளைக்குப் பள்ளி திறப்பு. இன்று மாலை நாடகம். முப்பது பேர் வருவார்கள் என்று நினைத்தேன், மாடிப்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். பல வருடமாகப் பார்த்தும் பேசாத முகங்கள். மேலே பிளேன் போகும்போதெல்லாம் நடிகர்கள் அப்படியே நின்று, சத்தம் அடங்கியதும் தொடர்ந்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

யாக்கை என்று நீலாம்பிகை சொன்ன இடத்தில் அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வசனத்தில் பாதி புரிந்திருக்காது.

நாடகம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் மேடை ஓரத்து ஸ்டூலைக் கவனித்தேன். ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் சந்தையில் எடுத்த கல் சில்லு. பக்கத்தில் கோணல் எழுத்தில்: "பல்லாவரம். 30.5.2025. தொடலாம்."